தொண்ணூற்று நான்கு வயது நெசவாளி

கண்ணுங்களா, எல்லாரும் சௌக்கியமா? சர்க்கரைக்காரங்க மாத்திரை போட்டாச்சா? முட்டிவலிக்காரங்க காலை நீட்டி வசதியா உக்காந்துக்குங்க, இது நின்னுகினு படிக்கிற சமாசாரம் இல்ல. இந்த அத்தியாயத்துல கொலை கிடையாது, கத்தி கிடையாது. ஒரே ஒரு திருட்டுதான். சரி, ஆரணிக்குப் போவோம் வாங்க.

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது ஹேமலதாவின் துப்பறியும் நிலையம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலை சலித்துப்போய்ச் சொந்தமாகப் போர்டு மாட்டிக்கொண்டாள். வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. அவளுக்கு உதவியாள் அருள்தாஸ். முப்பத்தாறு வயது, சொந்தமாக ஒரு ஆட்டோ. ஆட்டோவுக்குப் பிரேக் உண்டு, வாய்க்குக் கிடையாது.

அன்று வந்திருந்தவள் முள்ளிப்பட்டு கன்னியம்மாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் காலை மடக்க முடியாமல் முன்னால் நீட்டிக்கொண்டாள். மஞ்சப்பையிலிருந்து ஓர் அட்டைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தறியில் ஏற்றி நெய்ய வேண்டிய பட்டு நூல் பாவோடு சங்கத்தில் கட்டிக் கொடுக்கும் சீட்டு. 212 என்று பெரிதாக மையில் எழுதியிருந்தது.

"இது என் நம்பருங்க. இதை எவனோ திருடிட்டான். கண்டுபிடிச்சிக் குடுங்கம்மா."

"நம்பரை எப்படிம்மா திருட முடியும்?" என்றான் அருள்தாஸ். "பாக்கெட்ல வச்சிகினு ஓடிட்டானா?"

"இவரு இப்படித்தான், நீங்க சொல்லுங்க" என்றாள் ஹேமலதா.

கன்னியம்மாளுக்குப் போன மாதம் அறுபது முடிந்திருந்தது. சங்கத்து நெசவாளிக்கு அறுபது ஆனால் அரசாங்கம் மாதாமாதம் ஓய்வூதியம் கொடுக்கும். அதை நம்பித்தான் அவள் பதினைந்து வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, இனிமேல் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே சங்கத்துக்குப் போய் மனு கொடுத்தாள்.

"போனா, உன் பேர்ல இங்க நெசவாளியே இல்லன்றாங்க. இருநூத்திப் பன்னெண்டு யாரோ ஒரு ஆம்பள பேர்ல இருக்குதாம். பேரைக் கேட்டா, அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது, போம்மான்றாங்க. முப்பத்தொம்பது வருஷமா நான் தறியில நெஞ்சிகினு இருக்கேன், அவன் எங்கிருந்துங்க வந்தான்?"

"நீங்க இதுக்கு முன்னாடி சங்கத்துக்குப் போனதே இல்லையா?"

"வூட்டுக்காரருதாங்க பாவு எடுத்தாந்து, புடவை கொண்டுபோய்ப் போடுவாரு. பொம்பளைங்க அங்க வந்து நிக்கத் தேவையில்லன்னுடுவாரு."

"முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேங்க. பையன் இருக்கான், வூடு இருக்குது, வராதுன்னுட்டாங்க. பையன் ஸ்ரீபெரும்புதூர்ல காண்ட்ராக்ட் வேலை. அவனுக்கே அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு தெரியல. வூடுன்னா, அதுல பாதி தறிதாங்க நிக்குது."

"சின்ன வயசுலேர்ந்து மாசாமாசம் கட்டினா, அறுபதுல பென்ஷன் தர்ற ஸ்கீம் இருக்கே மேடம்?" என்றான் அருள்தாஸ்.

"அதுல நாப்பது வயசுக்குள்ள சேந்திருக்கணும், அருள்."

"அப்போ இருபது வருஷம் லேட்டா வந்திருக்கோம். நம்ம ஆபீஸ் வழக்கமே அதுதானே."

கன்னியம்மாள் சிரிக்கவில்லை. "இது ஒண்ணைத்தாங்க நம்பிகினு இருந்தேன். இது இல்லன்னா நான் குழியவுட்டு ஏறவே முடியாதும்மா."

அருள்தாஸ் படிவத்தை எடுத்துக் குடும்ப விவரம் எழுத ஆரம்பித்தான். பிள்ளைகள் பேர், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று சொன்னவள், புருஷன் பேர் கேட்டதும் ஆதார் அட்டையை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்களே பாத்துக்குங்க." அதில் தனகோடி என்று இருந்தது.

*

நாகநதிப் பட்டு நெசவாளர் சங்கத்து மேலாளர் ஹேமநாத், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய மகளுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பதைப் போன வருஷம் கண்டுபிடித்துச் சொன்னவள் ஹேமலதா. அந்த நன்றிக்கு இரண்டு டீ சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, பதிவேட்டைத் திறந்தார்.

"பேங்க் விவரம் காட்ட மாட்டேன் மேடம். இதை மட்டும் பாருங்க. இருநூத்திப் பன்னெண்டு. பேரு சம்பந்தம், ஊரு முள்ளிப்பட்டு. பிறந்தது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

அருள்தாஸ் விரல்விட்டு எண்ணினான். "தொண்ணூத்தி நாலு வயசா?"

"ஆமா. இன்னிய தேதிக்கும் நெய்யறாரு. போன வாரம் கூட புடவை வந்திருக்கு."

"என் தாத்தாவுக்கு எழுவது வயசுல சொம்பு தூக்கவே ரெண்டாள் வேணும் சார். இவரு தறி ஓட்டறாரு! அந்த ஊர்த் தண்ணியை பாட்டில்ல புடிச்சி விக்கலாம்."

"அதைவிடப் பேஜாரு கேளுங்க. இவரு இதுவரைக்கும் பென்ஷன் கேட்டதே இல்ல. சங்கத்துலயே ஃபுல் தகுதி இருக்கற ஆளு இவருதான். ஆடிட் வரும்போது, ஏன் இவருக்குக் குடுக்கலன்னு என்னைக் கேப்பாங்க. நீங்க கண்டுபிடிச்சி கூட்டிகினு வந்தீங்கன்னா, நாளைக்கே சாங்ஷன் பண்ண எழுதறேன்."

கேட்கிறவளுக்கு இல்லை, கேட்காதவருக்குக் காத்திருக்கிறது. ஹேமலதா டீயைத் தொடாமல் பக்கங்களைப் புரட்டினாள். இன்சூரன்ஸில் அவள் கற்றது ஒன்றுதான்: பொய்யான ஆள் லீவு போடமாட்டான். காகிதத்தில் மட்டும் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் வராது. ஆனால் இந்தச் சம்பந்தத்துக்கு மூன்று இடைவெளிகள் இருந்தன. எண்பத்தெட்டில் மூன்று மாதம். தொண்ணூற்றொன்றில் மூன்று மாதம். இரண்டாயிரத்து ஒன்பதில் இரண்டு மாதம். அந்த மாதங்களில் பாவும் போகவில்லை, புடவையும் வரவில்லை.

"இல்லாத ஆளு இல்ல, அருள். இந்தத் தறியில நெஜமாவே யாரோ உக்காந்து நெஞ்சிருக்காங்க."

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. புடவை வந்து சேரும்போது தரம் பார்த்து ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதுவது சங்கத்து வழக்கம். எண்பத்தாறு வரைக்கும் சம்பந்தத்தின் எல்லாப் புடவைக்கும் ஒரே வார்த்தைதான்: 'சுமார்'. எண்பத்தாறு கடைசியிலிருந்து 'நன்று'. அதற்கப்புறம் ஒரு புடவைகூடச் சுமார் இல்லை.

"அம்பத்தஞ்சு வயசுல திடீர்னு கை திருந்தியிருக்கு" என்றாள் ஹேமலதா.

"எனக்கும் இருபது வருஷம் டைம் குடுங்க மேடம், நானும் திருந்தறேன்."

*

முள்ளிப்பட்டுக்கு ஆட்டோ போகும்போது அருள்தாஸ் வாய் ஓயவில்லை. சம்பந்தம் கிழவனார் தினம் நூறு தண்டால் எடுப்பார் என்றான். அவருக்குப் பெண் பார்க்கச் சொல்லித்தான் நம்மிடம் அடுத்த கேஸ் வரும் என்றான். கன்னியம்மாளிடம் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் உறுதியாகிற வரை கட்சிக்காரரிடம் எந்தப் பேரையும் சொல்லக்கூடாது என்பது அவள் பழைய கம்பெனி வழக்கம்.

பதிவேட்டில் இருந்த தெருவின் முனையில், குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை என்கிற பெண்மணி. தெருவில் நாலைந்து வீடுகளிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இந்தத் தெருவுல சம்பந்தம்னு ஒரு பெரியவர் இருக்காராமே?" என்று கேட்டான் அருள்தாஸ்.

பாஞ்சாலை இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "யாரு நீங்க, சொந்தக்காரங்களா?"

"தூரத்துச் சொந்தம்."

"ரொம்பத் தூரந்தான் போல." அவள் முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு வந்தது. "அதோ, அந்தப் பச்சைக் கதவு. உள்ள போனா எதுத்தாப்பலயே இருப்பாரு. ஆனா எழுந்து வந்து வாங்கன்னு சொல்லமாட்டாரு."

"கால் முடியாதா?"

"போய்ப் பாருய்யா, தெரியும்."

பச்சைக் கதவு கன்னியம்மாளின் வீடு. ஆதாரில் பார்த்த அதே கதவு எண்.

உள்ளே நுழைந்தார்கள். வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு தறி நின்றது. டாக்டர் கூடாது என்ற குழிக்குள் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்து, கன்னியம்மாள் நெய்துகொண்டிருந்தாள். தறிக்கு எதிர்ச் சுவரில், பழைய போட்டோ ஒன்றில், மீசை வைத்த ஒரு மனிதர் பிளாஸ்டிக் மாலையோடு இருந்தார். கீழே பேர் எழுதியிருந்தது. சம்பந்தம். தோற்றம் 1931, மறைவு 1986.

அருள்தாஸ் போட்டோவைப் பார்த்தான், ஹேமலதாவைப் பார்த்தான். "மேடம், லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்கறது கொஞ்சம் கஷ்டம்."

"வாங்கம்மா" என்று, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தினாள் கன்னியம்மாள். "கிடைச்சிட்டானா அவன்?"

ஹேமலதா திரும்பினாள். மூலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த தனகோடி, பம்ப்பை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டார். அரிசி மில்லில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறவர். அறுபத்தைந்து வயது. வந்தவர்கள் யார் என்று அவர் கேட்கவே இல்லை. அது ஒன்றே ஹேமலதாவுக்குப் போதுமாக இருந்தது.

"கன்னியம்மா, சுவத்துல இருக்கறது யாரு?"

"எங்க மாமாங்க. இவரோட அப்பா." பேரைச் சொல்லவில்லை. "நான் கட்டிகினு வந்து ஒரு வருஷத்துல போயிட்டாரு. நல்ல மனுஷன். ஏம்மா?"

"அருள், அந்தப் படிவத்துல பசங்க பொறந்த தேதி இருக்கும் பாரு. படி."

அருள்தாஸ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்தான். "சரவணன், எண்பத்தெட்டு ஆகஸ்ட் ஒம்போது. பானுப்ரியா, தொண்ணூத்தொண்ணு பிப்ரவரி இருபத்திரெண்டு."

"இருநூத்திப் பன்னெண்டுல நெய்யற ஆம்பள, எண்பத்தெட்டு ஆகஸ்ட்லேர்ந்து மூணு மாசம் லீவு. தொண்ணூத்தொண்ணு பிப்ரவரிலேர்ந்து மூணு மாசம் லீவு."

"அப்போ அந்தத் தொண்ணூத்தி நாலு வயசு ஆம்பள..." அருள்தாஸ் ஆரம்பித்ததை ஜோக்காகத்தான் ஆரம்பித்தான். "பிரசவத்துக்குப் போயிருக்காரு" என்று முடிக்கும்போது அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ரெண்டாயிரத்து ஒன்பதுல ரெண்டு மாசம் லீவு இருக்கு. அது மட்டும்தான் எனக்குப் புரியல" என்றாள் ஹேமலதா.

குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. "வேலூர்ல கர்ப்பப்பை எடுத்தாங்க." சொல்லிவிட்டுக் கன்னியம்மாள் கையில் இருந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு கடைசி. மாமனார் போன மாதம். அவளுக்கு எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க?"

தனகோடி பம்ப்பைக் கீழே போட்டார்.

"அப்பா போனப்போ தறியில பாதிப் பாவு கிடந்தது. ஆளு போயிட்டாருன்னு சொன்னா, சங்கத்துல பாவைத் திருப்பி வாங்கிகினு, நம்பரை வெயிட்டிங்ல இருக்கறவனுக்குக் குடுத்துடுவாங்கோ. நீதான் காரியம் முடிஞ்ச மறுநாளே குழியில இறங்கி அந்தப் புடவைய முடிச்சே. நான் கொண்டுபோய் அப்பா நெஞ்சதுன்னு போட்டேன். நல்லா இருக்குதுன்னு எழுதிகினாங்க. அடுத்த பாவும் அந்த நம்பர்லயே குடுத்தாங்க."

"என் பேரை ஏத்திட்டேன்னு சொன்னியே."

நாற்பது வருஷத்தில் அவள் அவரை 'நீ' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் கவனித்தார், அருள்தாஸும் கவனித்தான்.

"ஏத்தத்தான் போனேன். பானு பொறந்த வருஷம். பழைய மெம்பரு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னான் கிளார்க்கு. எங்கேர்ந்து கூட்டிகினு போறது? அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம்னு வுட்டேன். அப்புறம் எடுக்கவே பயமாப் போயிடிச்சி. பாவு நின்னுட்டா? நம்பர்தானே ஓடணும், பேர்ல இன்னா இருக்குதுன்னு..."

"தெருவே பாத்திருக்கு மேடம்" என்றான் அருள்தாஸ். "பாஞ்சாலை வரைக்கும் தெரியும். எல்லாரையும் கூட்டிகினு போய் சாட்சி சொல்ல வெப்போம்."

"சொன்னா, அப்பா பேரை வச்சி இத்தனை வருஷம் ஏமாத்தினாருன்னு முதல் கேஸ் இவர் மேலதான் வரும்."

"வரட்டுமே" என்றார் தனகோடி. "என்னை ஜெயில்ல போடட்டும். அவளுக்குக் குடுக்கட்டும்."

"குடுக்க மாட்டாங்க, ஐயா. அதுதான் விஷயமே." ஹேமலதா தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டிருந்தாள். "சாவைப் பதிஞ்சா அன்னிக்கே நம்பர் போயிடும். தறியில இருக்கற பாவும் போயிடும். இவங்க புதுசா மெம்பரா சேரப் போனா, இதுவரைக்கும் நெஞ்சதுக்கு அத்தாட்சி கேப்பாங்க. இருக்கற அத்தாட்சி பூரா அவரோடது." போட்டோவை நோக்கிக் கையைக் காட்டினாள். "பதியாம வுட்டா, பென்ஷன் அவருக்குக் காத்துகினு இருக்கு. அவரு வந்து வாங்கிக்கணும்."

பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹேமலதா எத்தனையோ கேஸ்களில் திருடனைக் கண்டுபிடித்திருக்கிறாள். பிடித்த கையோடு பொருளையும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இங்கே திருடனும் இருக்கிறான், பொருள் இருக்கும் இடமும் தெரிகிறது, ஆனால் எடுத்துக் கொடுக்க வழியில்லை.

"கலெக்டருக்கு ஒரு மனு எழுதறேன்" என்றாள். தன் குரலே தனக்கு நம்பிக்கையாக இல்லை. "திங்கக்கிழமை நானே கூட வரேன்."

"எழுதுங்கம்மா." கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிக் குடுக்கணும். இல்லன்னா அடுத்தது குடுக்க மாட்டாங்க."

"வாணாம், வா மேல" என்று கையை நீட்டினார் தனகோடி. அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. தறிக்கட்டையின் மேல் வைத்திருந்த போனை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினாள். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். தேவிகாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் பானுப்ரியாவின் குரல் வந்தது. அவளுக்குப் பின்னாலும் ஒரு தறி ஓடுகிற சத்தம்.

"இன்னாம்மா இந்நேரத்துல?"

"பானு, இப்போ உனக்கு முப்பத்தி நாலுதானே ஆவுது?"

"ஆமாம்மா. ஏன்?"

"நாப்பதுக்குள்ளதான் இருக்கறே. நல்லது." அவள் ஹேமலதாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். "நீ நெய்யறியே, அது யார் பேர்ல இருக்குது?"

"என் பேர்லதான். அவருதான் சங்கத்துல ஏத்தினாரே, கண்ணாலம் ஆன புதுசுல."

"நீ போய்ப் பாத்தியா?"

"நான் எதுக்கும்மா அங்கெல்லாம் போவப்போறேன்? அவருதானே எடுத்தாராரு, போடறாரு. ஏம்மா, இன்னா ஆச்சி?"

கன்னியம்மாள் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. அம்மாவை சமாதானப்படுத்துகிற மாதிரி, சிரித்துக்கொண்டே மகள் சொன்னாள்:

"அட, என் நம்பர் எனக்கு மனப்பாடம்மா. நூத்தி எழுவத்தாறு. சொல்லட்டா? அங்க யாராச்சும் இருந்தா எழுதிக்கச் சொல்லு."

அருள்தாஸ் சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். அது கையில் தட்டுப்பட்டும் எடுக்கவில்லை.

*

கண்ணுங்களா, படிச்சி முடிச்ச கையோட ஒரு காரியம் பண்ணுங்க. உங்க வீட்டுல கை நோவ உழைக்கிறது யாரோ, அவங்க பேரு எந்தக் காகிதத்துலயாவது இருக்குதான்னு நீங்களே போய்ப் பாருங்க. இருக்குதுன்னு யாராச்சும் சொன்னா அதோட வுட்டுடாதீங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க: அங்க யாரு பேரு இருந்திச்சு, உங்களுக்கு எப்போ தெரிஞ்சிச்சு, தெரிஞ்சப்புறம் என்ன பண்ணீங்க. ஏதாவது வழி கிடைச்சிருந்தா அதையும் சேத்து எழுதுங்க, ஹேமலதாவுக்கு இன்னும் கிடைக்கல. கடைசியில உங்க பேரை மறக்காம போடுங்க. வூட்டுக்காரர் பேரு இல்ல, உங்க பேரு.